நகுலா அன்ரியின் சித்திரகுப்தன்

குட்மேய்ஸ் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடையில், ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடியில், உலகத்தின் எந்த மூலையில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் செத்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் தெரிந்துகொள்ளும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. இணையத்தளத்தின் பெயர் ‘நீள்துயில்’. மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி, ஆண்டுத் திதி, இவைதான் சரக்கு. உரிமையாளர் யோகலிங்கம் என் தாய்மாமன். மூன்று வருடம் நாடு நாடாக அலைந்து, ஜோர்ஜியாவில் திராட்சை பறித்து, பெருவில் பத்து நாள் வயிற்றோட்டத்தில் கிடந்து திரும்பி வந்த என்னைப் பிடித்து, அறிவித்தல்களைத் தட்டச்சுச் செய்ய உட்கார்த்தியவர். ஒரு மாதத்தில் போய்விடுவேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன்.

அந்த அலுவலகத்தில் மாமாவின் பெயர் பலகையில் இருக்கிறது. வேலை நகுலா அன்ரியின் தலையில் இருக்கிறது.

முழுப்பெயர் நகுலேஸ்வரி. வயது ஐம்பத்து நான்கு. கோடையிலும் கம்பளிக் காலுறை போட்டிருப்பார், ஏனென்றால் அவர் இருப்பது சேர்வர் அறையில். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. முன்பு சேலைப் பெட்டிகள் அடுக்கியிருந்த ஒரு பெரிய அலுமாரி அது. உள்ளே இரண்டு கறுப்புப் பெட்டிகள், குளிரூட்டி, மேலே ஒரு சின்னப் பிள்ளையார். இயந்திரத்தை வேறு யாருடையதோ கட்டடத்தில் வாடகைக்கு வைக்கலாம் என்று எத்தனையோ பேர் மாமாவுக்குச் சொல்லிவிட்டார்கள். செத்தவர்களின் விபரத்தைக் கண் காணாத இடத்தில் வைப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளையாருக்கு வைக்கிற குங்குமத்தில் கொஞ்சத்தைப் பெட்டியின் நெற்றியிலும் வைப்பார். அது காற்றாடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது நகுலா அன்ரியின் வேலைகளில் ஒன்று.

மற்ற வேலை டீமன்களை மேய்ப்பது. யுனிக்ஸ் வகை இயந்திரங்களில் டீமன் என்று ஓர் இனம் உண்டு. யாரும் கூப்பிடாமல், திரையில் முகம் காட்டாமல், பின்னால் நின்று வேலை செய்யும் புரோகிராம்கள். மின்னஞ்சல் அனுப்ப ஒன்று, சொன்ன நேரத்துக்கு வேலைகளைக் கிளப்ப ஒன்று, தளத்துக்கு வருகிறவர்களுக்குக் கதவு திறக்க ஒன்று. எங்கள் கல்யாண வீடுகளில் குசினிக்குள் நிற்கும் பெரியம்மாக்களைப் போல. போட்டோ ஒன்றிலும் இருக்க மாட்டார்கள், அவர்கள் இல்லாவிட்டால் சோறு வராது.

அந்தக் கூட்டத்தில் ஒன்றை நகுலா அன்ரியே எழுதினார். பெயர் சித்திரகுப்தன். அதன் தொழில் ‘வாசல்’ என்ற ஒரு கோப்புறையை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பது. யாருடைய அறிவித்தலாவது அதற்குள் வந்து விழுந்தால் சித்திரகுப்தன் அதை எடுத்துத் தளத்தில் போடும். பிறகு பதினோராயிரம் வாசகர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். கேள்வி கேட்காது. நல்ல அரச ஊழியன்.

நகுலா அன்ரியை இந்தக் கதிரைக்குக் கொண்டுவந்தது டென்மார்க். கரவெட்டியிலிருந்து இருபது வயதில் அகதியாகப் போய் எஸ்பியார்க் என்ற துறைமுக நகரத்தில் இறங்கியவர், தாதி வேலை படிக்கத்தான் விண்ணப்பித்தார். அந்த வகுப்பில் இடமில்லை. கணினி வகுப்பில் ஒரு கதிரை காலியாக இருந்தது. நகரசபைக்காரி அதில் இருத்திவிட்டாள். அங்கிருந்து ஒரு மீன் தொழிற்சாலையின் கணினி அறைக்குப் போய், பதின்மூன்று வருடம் மீன் பெட்டிகளின் கணக்கு வழக்கை ஓடவைத்தார். கணவனின் சகோதரங்கள் எல்லாம் இங்கே என்று லண்டனுக்கு வந்தபோது, டெனிஷ் சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இல்ஃபர்டில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஏழு வருடம் பாற்கட்டி வெட்டினார்.

பிறகு அவருடைய அப்பா ஊரில் செத்துப்போனார். அறிவித்தல் கொடுக்க இந்த மாடிக்கு ஏறி வந்தபோது, தளமே செத்துக் கிடந்தது. மாமா இயந்திரத்தின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாராம். நகுலா அன்ரி ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நாற்பது நிமிடம் தட்டி, தளத்தை எழுப்பி, அப்பாவின் அறிவித்தலைத் தானே ஏற்றிவிட்டு எழும்பினார். திங்கட்கிழமை வர ஏலுமா என்று மாமா கேட்டார். அது நடந்து பன்னிரண்டு வருடம். ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

அவரிடம் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி உண்டு. இயந்திரத்தில் எதை மாற்றினாலும் நேரத்தையும் செய்தவர் பெயரையும் அதில் பேனாவால் எழுதுவார். செய்கிறவர் அவர் ஒருவர்தான், ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் ‘நகுலேஸ்வரி’ என்று முழுசாக எழுதுவார். காலையில் வந்ததும் இயந்திரத்தின் லொக்கை, அதாவது அது தானாக எழுதிவைக்கும் நாட்குறிப்பை, கடைசி வரி வரை வாசிப்பார். மனிதர்கள் சொல்வதை அவ்வளவு கவனமாகக் கேட்டதாக நான் காணவில்லை.

போன ஓகஸ்டில் ஒரு பிழை நடந்தது. ஒரு குழுப் படத்திலிருந்து இறந்தவரின் தலையை வெட்டி எடுக்கச் சொன்னார்கள். பக்கத்துத் தலை வெட்டப்பட்டுவிட்டது. அது ஒஸ்லோவில் உயிரோடு இருக்கிற அவருடைய சம்பந்தியின் தலை. வெட்டியது நான். சொந்தத் தமக்கையின் மகளை வீட்டுக்கு அனுப்ப மாமாவால் முடியாது. ஆகவே நகுலா அன்ரியைப் பார்த்துச் சொன்னார்: இன்னுமொரு பிழை அறிவித்தல் போனால் தளத்தைச் சென்னையில் ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடுவேன், அதோடு இந்த அறைக்கும் வேலை இல்லை, உங்களுக்கும் வேலை இல்லை. நகுலா அன்ரி ஓம் என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு நாள் பாற்கட்டிக் கடைகளின் வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை நான் கடக்கும்போது மூடிவிடுவார்.

இனித் தவராசா.

தவராசா நோர்பரியில் இருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எழுபத்தாறு வயது. தன் மரண அறிவித்தலை இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதி நகுலா அன்ரியிடம் ஒப்படைத்தவர். பிள்ளைகள் எழுதினால் பட்டங்களை விட்டுவிடுவார்கள் என்று பயம். புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கொழும்பு, பாரிஸ், லண்டன் நோர்பரி ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். திகதி மட்டும் வெறுமை. மாதம் ஒருமுறை போன் எடுத்து ஏதாவது திருத்துவார். ஒருமுறை மருமகனுக்கு முன்னால் இருந்த ‘பாசமிகு’வை எடுக்கச் சொன்னார். தீபாவளிக்குத் திரும்பப் போடச் சொன்னார்.

சரஸ்வதி பூசையன்று நாலு மணிக்குப் போன் எடுத்தார். அந்த முறை கேட்டது பெரிய விஷயம். அவருடைய தம்பி பத்மநாதன் ரொறன்ரோவில் இருக்கிறார். பத்தொன்பது வருடத்துக்கு முன் மகளின் கல்யாணக் கார்ட்டில் தமையனின் பெயரைப் போடாமல் விட்டவர் அவர். அன்றிலிருந்து பேச்சில்லை. பதிலுக்குத் தமையன் தன் மரண அறிவித்தலில் தம்பியின் பெயரைப் போடாமல் விட்டிருந்தார். இப்போது போடச் சொன்னார். ‘பத்மநாதன் அவர்களின் சகோதரரும்’ என்று. அன்பு, பாசம் ஒன்றும் வேண்டாம், வெறும் சகோதரர் போதும். வரி எப்படி வருகிறது என்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டார்.

இங்கேதான் பூசை குறுக்கே வந்தது. மாமாவின் சட்டப்படி சரஸ்வதி பூசையில் ஆயுதங்கள் ஓய்வெடுக்க வேண்டும், விஜயதசமி காலையில்தான் திரும்பத் தொடலாம். முழு இயந்திரத்தையும் அணைக்க முடியாது என்பதால், நகுலா அன்ரி வருடா வருடம் சித்திரகுப்தனை மட்டும் நிறுத்திவைப்பார். அன்று சாகிறவர்கள் மறுநாள் காலைவரை பொறுத்திருக்க வேண்டும். மாதிரிப் பக்கத்தைப் பார்ப்பதென்றால் கோப்பு ‘வாசல்’ கோப்புறைக்குள் இருக்க வேண்டும். சாதாரண நாளில் அவர் அதைக் கனவிலும் அங்கே வைக்க மாட்டார். அன்று சித்திரகுப்தன் நித்திரை. வைத்தார், பார்த்தார், வரி நன்றாக இருக்கிறது என்று தவராசாவுக்குச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மாமா ஆரத்தித் தட்டோடு கூப்பிட்டார். கடலை, அவல், தேவாரம், இயந்திரத்துக்குச் சந்தனம். கோப்பு வாசலிலேயே கிடந்தது.

மறுநாள் ஒன்பது ஐந்துக்கு நகுலா அன்ரி விஜயதசமியும் அதுவுமாகச் சித்திரகுப்தனை எழுப்பினார். சித்திரகுப்தன் கண் விழித்து, வாசலில் தவராசாவைக் கண்டது. திகதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. திகதிகளைச் சரிபார்க்கும் ‘டேட்’ என்ற கட்டளையிடம் அந்த ஒன்றுமில்லாததைக் கொடுத்துக் கேட்டது. அந்தக் கட்டளைக்கு ஒரு குணம்: வெறுமையைக் கொடுத்தால் தெரியாது என்று சொல்லாது, இன்றைய திகதியைச் சொல்லும். எங்கள் ஆட்களிடம் வழி கேட்பது போலத்தான்.

பத்து நிமிடம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. நோர்பரித் தவராசாவின் கிரியை எப்போது என்று ஒருவர் கேட்டார். தவராசா நேற்று நாலு மணிக்குப் பேசிய மனிதர். நான் தளத்தைப் பார்த்தேன். படத்தில் நெக்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். இன்றைய திகதியில் காலமாகியிருந்தார்.

நகுலா அன்ரி தேநீரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். சித்திரகுப்தன் மின்னஞ்சல்களை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ‘கில்’ என்று ஒரு கட்டளை உண்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது முதலில் மரியாதையாக, முடித்துக்கொள் என்றுதான் கேட்கும். ஒன்பது என்ற எண்ணைச் சேர்த்தால்தான் கழுத்தில் கை. மரியாதையாகக் கேட்டார். சித்திரகுப்தன் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்ற தோரணையில் ஓடியது. ஒன்பதைப் போட்டார். நின்றது. பதினோராயிரத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் மின்னஞ்சல் போய்விட்டிருந்தது.

மாமா பேரனுக்கு ஏடு தொடக்கி ‘அ’ எழுதுவிக்கக் கோயிலுக்குப் போயிருந்தார், போன் அணைத்திருந்தது. தளத்திலிருந்து பக்கத்தை எடுக்க ஒரு வரி போதும். அந்த வரியை நகுலா அன்ரி அடித்துவிட்டு, அனுப்பும் விசையில் விரல் வைத்திருந்தபோது மேசைப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“தங்கச்சி, நான் தவராசா. செத்த தவராசா.” குரலில் அப்படியொரு சந்தோசம். பதினாறு பேர் அஞ்சலி எழுதிவிட்டார்களாம். வாழ்நாள் முழுக்க அவரைப் பழித்துத் திரிந்த ஒருவர் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதியிருக்கிறாராம். நகுலா அன்ரி மன்னிப்புக் கேட்டு, உடனே எடுத்துவிடுகிறேன் என்றார்.

“கை வையாதை. கனடா இப்ப நித்திரை. பின்னேரம் ரெண்டு மணி வரைக்கும் விடு, அவன் எழும்பிப் பாக்கட்டும். நான் செத்தா என்ன செய்யிறான் எண்டு எனக்குத் தெரியோணும்.” பிறகு குரலைத் தணித்தார். “யோகலிங்கத்துக்கு நானே சொல்லுறன், சோதிச்சுப் பாக்க நான்தான் போடச் சொன்னனான் எண்டு. உனக்கு ஒரு பழியும் வராது.”

நகுலா அன்ரியின் விரல் விசையிலேயே இருந்தது. அறைக்குள் எரிந்துகொண்டிருந்த பச்சை வெளிச்சங்களைப் பார்த்தார். பொய் சொல்லப்போவது அவர் இல்லை, செத்தவரே சொல்லப்போகிறார். பன்னிரண்டு வருட வேலை அப்படியே இருக்கும். விரலை எடுங்கோ அன்ரி, சரியென்று சொல்லுங்கோ என்று நான் கையால் காட்டினேன்.

“அண்ணை, நீங்கள் அப்பிடிச் சொன்னாலும் லொக் வேற சொல்லும்.”

“லொக்கை ஆர் பாக்கிறது?”

“நான் பாப்பன்,” என்றார் நகுலா அன்ரி, விசையை அமர்த்தினார். “எடுத்திட்டன் அண்ணை.”

மறுமுனை வெட்டுப்பட்டது.

பிறகு கொப்பியில் எழுதினார். பிறகு ஒரு திருத்தம் எழுதினார்: நோர்பரியைச் சேர்ந்த திரு. தவராசா அவர்கள் நலமாக இருக்கிறார், இன்று காலை வெளியான அறிவித்தல் பிழையானது, பிழை விட்டவர் நகுலேஸ்வரி, சேர்வர் பொறுப்பாளர். கடைசி வரியை எடுத்துவிட்டுத் தொழில்நுட்பக் கோளாறு என்று போடச் சொன்னேன். விமானக் கம்பெனியிலிருந்து பாஸ்போர்ட் கந்தோர் வரை, நான் போன நாட்டிலெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். அவர் திரும்பியும் பார்க்காமல், இந்தக் கோளாறுக்குப் பெயர் இருக்கிறது என்று சொன்னார். எந்த ஆறாயிரம் பேருக்கு முதல் மின்னஞ்சல் போனது என்று லொக்கில் தேடி எடுத்து, அவர்களுக்கு மட்டும் திருத்தத்தை அனுப்பினார். ஜக்கெட்டைப் போட்டார். ஒருவரைச் செத்தார் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாதாம்.

நானும் அவருமாக இரண்டு ரயில் மாறி நோர்பரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பதினைந்து சோடி செருப்பும் சப்பாத்தும் கிடந்தன. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஆளாளுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டு வந்திருந்தார்கள். கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டு போவது அழகில்லை. எனவே எல்லோரும் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தவராசாவின் மனைவி சிவமலர் கதவைத் திறந்தார். அவர் கணவனின் மரணத்தைத் தோன்டன் ஹீத்தில் மரக்கறிக்கடை வரிசையில் நின்று கேள்விப்பட்டவர். பத்து நிமிடத்துக்கு முன்தான் வீட்டில் அவரைத் திட்டிவிட்டு வந்திருந்தவர், கேட்ட உடனே கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு நகுலா அன்ரியின் கையைப் பிடித்தார்.

“கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம் பிள்ளை. இவர் தம்பியைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர். இனி அந்தாள் திருத்தத்தைப் பாத்திட்டுப் பேசாமல் இருந்திடும்.”

தவராசா முன்னறையில் ஸ்திரி போட்ட சட்டையோடு இருந்தார். நகுலா அன்ரி முன்னால் நின்று, என் கவனக்குறைவு, மன்னிக்க வேண்டும் என்றார். அவர் அணைத்திருந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டே காலுக்கு மாமா போன் எடுத்தார். கோயிலில் ஐந்து பேர் அவரிடம் விசாரித்திருக்கிறார்கள். அவர் குரல் எனக்கே கேட்டது. பிழை விட்டது ஒரு பக்கம், அதைப் பெயர் போட்டு ஆறாயிரம் பேருக்கு அறிவித்தது இன்னொரு பக்கம், இரண்டாவதுதான் அவரைக் கூடுதலாகச் சுட்டது. நாளைக் காலை அறைப் பூட்டின் திறப்பையும், இயந்திரம் முழுவதையும் ஆளும் ரூட் பாஸ்வேர்டையும் கொண்டு வந்து தரச் சொன்னார். நகுலா அன்ரி ஓம் என்றார். ஒரு கதிரையில் இருந்து, யாரோ கையில் கொடுத்த தட்டிலிருந்து அரை இடியப்பம் சாப்பிட்டார்.

ஒரு மணிக்குத் தவராசாவின் போன் அடித்தது. பார்த்தார். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து திரும்ப அடித்தது. சிவமலர்தான் பறித்து ஸ்பீக்கரில் போட்டார். அறையில் சொதி குடிக்கும் சத்தம்கூட நின்றது.

பத்மநாதன் வணக்கம் சொல்லவில்லை, யார் என்று சொல்லவில்லை. “ரெண்டு மெயில் வந்து கிடக்கு. ஒண்டில நீ செத்திட்டாய், என்ர பேரும் இருக்கு. மற்றதில எல்லாம் பிழையெண்டு இருக்கு. எது பிழை? நீ செத்ததோ, என்ர பேர் இருந்ததோ?”

தவராசா தொண்டையைச் செருமினார்.

“பேர் சரி,” என்றார்.

பிறகு பத்மநாதன், முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டேன், இடதோ வலதோ என்று கேட்டார். அங்கிருந்து முக்கால் மணித்தியாலம் முழங்கால்களைப் பற்றியே பேசினார்கள். நாங்கள் வெளிக்கிடும்போது தவராசா போனைக் கையால் பொத்திக்கொண்டு, ‘சகோதரரும்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘அன்பு’ போடலாம் என்றார். அவசரம் இல்லை, ஆறுதலாக, கோப்பை எங்கே வைக்கிறாய் என்று பார்த்து வைத்துப் போடு என்றார்.

நகுலா அன்ரி, இனி அதை வேறு ஆட்கள் செய்வார்கள் அண்ணை என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தேடினார்.

மறுநாள் காலை அவர் திறப்பையும், பாஸ்வேர்ட் எழுதி ஒட்டிய ஓர் உறையையும் மாமாவின் மேசையில் வைத்தார். மாமா சி.ஆர். கொப்பியை விரித்து வைத்திருந்தார். பெயர் போடச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். வேற யாருடைய பெயரைப் போடுவது என்று நகுலா அன்ரி கேட்டார். அது கேள்வியாகவே இருந்தது, எதிர்த்துப் பேசுவதாக இல்லை. மாமாவுக்கு அதுதான் இன்னும் கோபம்.

அப்போது போன் அடித்தது. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஓர் அம்மா. பிழையைத் தன் பெயரில் எழுதின பிள்ளை இருக்கிறாவோ என்று கேட்டார். தன்னுடைய அறிவித்தலையும் எழுதி அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவைக்க வேண்டுமாம், மகன்மாரை நம்ப ஏலாதாம். மாமா பெயரையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டார். கொஞ்சத்தில் நோர்பரியிலிருந்து ஒருவர், பிறகு ஹரோவிலிருந்து கணவனும் மனைவியும் ஒரே போனில், யாருடையதை முதலில் எழுதுவது என்று சண்டை பிடித்துக்கொண்டு. பதினொரு மணிக்குள் ஒன்பது பேர். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், எல்லோரும் அதே ஆளைக் கேட்டார்கள். மாமா கடைசியில் குறித்துக்கொள்வதை விட்டுவிட்டுப் போனை நேரே நகுலா அன்ரியின் பக்கம் தள்ளினார்.

பத்தாவதாக, மாமாவின் கைப்போனுக்கு வந்தது சென்னைக் கம்பெனி. எப்போது மாற்றலாம் என்று மரியாதையாகக் கேட்டார்கள். மாமா திறப்பைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், மேசையின் மறுபக்கத்தில் ஒரு கிழவரின் பட்டங்களைப் பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தார். திறப்பும் உறையும் மேசையிலேயே கிடந்தன. ஒரு தும்மல் தும்மிவிட்டுக் கீழே சேலைக்கடைக்குப் போய்விட்டார்.

நகுலா அன்ரி எழுதி முடித்து, திறப்பை எடுத்து, அறையைத் திறந்து, ரூட்டாக உள்ளே நுழைந்தார். சித்திரகுப்தனின் நிரலில் ஐந்து வரி சேர்த்தார். இனித் திகதி இல்லாத அறிவித்தல் ஒன்று வாசலில் கிடந்தால் அது டேட் கட்டளையிடம் போகாது. அப்படியே நின்று, லொக்கில் ஒரு வரி எழுதும். தோளுக்கு மேலால் எட்டி வாசித்தேன்:

‘திகதி இல்லை. ஆள் உயிரோடு இருக்கலாம். போன் எடுத்துக் கேள்.’